மாங்கொட்டைக்குள் மழை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மேகலா சொல்லிக் கேட்டது. கரூர்ப் பக்கம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. என்னோடு ஒரே வகுப்பில் இயந்திரவியல் படித்தவள். இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆட்கள் நாங்கள்தான் என்பதால், எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் இருவருக்கும் பொது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு சின்ன முகாம் வண்டியை அவள் தன் கையால் கட்டினாள். அது ஒழுகுகிறதா என்று சோதித்துப் பார்த்த நேரத்தில் உள்ளே படுத்துக்கொண்டு என்னென்ன நினைத்தாள் என்பதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் வரிசை வேறு. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டு இடத்தில் என் ஊகமும் கலந்திருக்கலாம். இனி வருகிற 'நான்' எல்லாம் மேகலா. கடைசிப் பத்தியில் வருகிற நான் மட்டும் நான்.

தாழ்ப்பாளைப் போட்டேன். இவ்வளவு சின்னச் சத்தமா. பஸ்ஸின் சாமான் அறைக்குப் போடுகிற அதே தாழ்ப்பாள்தான், அங்கே டமாரென்று விழும், இங்கே நாக்கைத் தட்டினது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், கதவு என்னை உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டது. இருபத்துநாலு வயதில் நான் தனியாக உள்ளே இருந்து தாழ் போட்ட முதல் அறை இது, குளியலறையைச் சேர்க்காவிட்டால். அதைச் சேர்க்கவும் முடியாது, எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் பொதுக் குளியலறை, உள்ளே போன உடனே யாராவது வெளியில் நின்று கனைப்பார்கள். இங்கே கனைக்க ஆளில்லை என்று நினைத்து முடிக்கவில்லை, வெளியே, என்னோடு தகடு அடிக்கிற ஜமால் அண்ணன் கனைக்கிறார். "சாத்தியாச்சா அம்முணி?" சாத்தியாச்சுங்கண்ணா. "பயமா இருந்தா ஒரு பாட்டுப் பாடு, நாங்க கேட்டுக்கறோம்." உடனே சரசு அக்கா குரல், சீட் தைக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறாள் போல. "அவ பாடுனா தகடு தானாப் பிரிஞ்சுக்கும், நீங்க வேற. கொழாயத் தொறங்க." நான் மல்லாந்து படுத்துக்கொள்கிறேன். மெத்தை இன்னும் வரவில்லை, வெறும் பிளைவுட், முதுகுக்குச் சில்லென்று இருக்கிறது. கூரைக்கு உள்பூச்சும் இன்னும் அடிக்கவில்லை, அலுமினியத் தகடும் அதைத் தாங்குகிற வளைந்த கட்டைகளும் அப்படியே தெரிகின்றன, ஒரு மீனை அதன் வயிற்றுக்குள்ளிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ. அப்பாவின் வெள்ளைச் சட்டை தோளைத் தாண்டித் தொங்குகிறது, கையை மூன்று மடிப்பு மடித்திருக்கிறேன். இந்தச் சட்டையை அவர் ஒரே ஒரு முறைதான் போட்டார், என் பட்டமளிப்பு விழாவுக்கு, கடைசி வரிசையில் உட்கார்ந்து சட்டை கசங்காமல் இருக்க நாற்காலியில் சாயவே இல்லை. காலையில் கேட்டதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அம்மாதான் கேட்டாள். கேட்டுவிட்டு, நீலம் பட்டா நல்லதுதான், வெளுப்பா இருக்கும் என்றாள்.

வெளி முற்றத்தில் வண்டிக்கு மேலே மாட்டியிருக்கிற ஓட்டைக் குழாய்கள் முதலில் உறுமுகின்றன, காற்றைக் கக்குகின்றன, பிறகு விழுகிறது. நான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஆனால் பஸ்ஸில் கூரை உயரம், மழை யாருக்கோ பெய்கிற மாதிரி இருக்கும். இங்கே கையை நீட்டினால் தகடு, தகட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், என் நெற்றிக்கு மேலேயே அரிசியை முறத்தில் கொட்டுகிற மாதிரி. தண்ணி டெஸ்ட்டுக்கு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கூரைக்குத் தகடு அடித்தவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்திருப்பார்கள். தொட்டி காலியாகும் வரை மழை. இறங்கி வந்ததும் எல்லோரும் சுற்றி நின்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நீலம் இல்லாவிட்டால் பஸ் பெயின்ட்டுக்குப் போகும். இருந்தால் போச்சு. போன வருஷம் ஜமால் அண்ணன் தோளில் நீலம் விழுந்து, ஒரு வாரம் அவரைக் கிருஷ்ணா கிருஷ்ணா என்றே கூப்பிட்டார்கள், அவரும் யார் வீட்ல வெண்ண இருக்கு என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். அவருக்கு அது கேலியோடு போயிற்று. எனக்கு அப்படிப் போகாது. முதலாளி சென்னியப்பன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இத பாரு அம்முணி, கொட்டாய்ல எடமில்ல. ஒரு மூலைய நீ புடிச்சு வெச்சிருக்கற. தண்ணிக்குத் தாங்குனா நிக்கட்டும், போற வாரவங்களுக்குக் காட்டலாம், நீ இழுத்துட்டுப் போறன்னாலும் போ. சட்டைல ஒரு சொட்டு நீலம் இருந்தா அன்னைக்கே வெட்டி எறக்கிருவேன், அந்தத் தகடு எனக்கு வேற வேலைக்கு ஆவும்." அவர் கெட்டவர் இல்லை. வெட்டுகிற இயந்திரத்தை இன்று காலையிலேயே இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார், அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, அவருக்கு வேலை வேலைதான். நான்தான் அதன் வெட்டும் சக்கரத்தைப் பார்க்காமல் தாண்டி உள்ளே நுழைந்தேன்.

பட்டறையில் இதற்கு மாங்கொட்டை என்று பெயர். நான் வைத்ததில்லை. பஸ் என்றால் பெட்டி, பெட்டி என்றால் நேர்கோடு, மூன்று வருஷமாக நேர்கோட்டையே அளந்த கொட்டாய்க்குள் நான் தரையில் சாக்கட்டியால் ஒரு வளைவு போட்டேன், மெல்லிய பட்டையை வளைத்து ஆணிக்கு நடுவில் நிறுத்தி, முன்பக்கம் குண்டாக எழும்பி உச்சி தொட்டு பின்னால் நீளமாகச் சரிந்து போகிற மாதிரி. முதலாளி வந்து நின்று பார்த்தார். "தின்னு போட்ட மாங்கொட்ட மாரி இருக்குது." அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்தும் போயிற்று. நான் பார்த்த வீடியோவில் ஏதோ ஒரு நாட்டுப் பெண் ஏரிக்கரையில் இப்படி ஒரு வண்டியை நிறுத்தி, பின்மூடியைத் தூக்கி, அதற்குள்ளிருந்த அடுப்பில் காபி போட்டாள். எல்லோரும் காபியைத்தான் பார்த்திருப்பார்கள். நான் அதற்கு முன்னால் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கும், யாரும் கூப்பிடமாட்டார்கள், பிறகு அது உள்ளிருந்து திறக்கும், அவள் தனக்குத் தோன்றிய நேரத்தில் வெளியே வருவாள். எங்கள் வீட்டில் ஒருவர் புரண்டால் ஐந்து பேரும் புரள வேண்டும். விடுதியில் பத்துப் பேர். ஒரு அறைக்குள் என் மூச்சு மட்டும் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது கேட்கிறதா? மழையில் கேட்கவில்லை. ஆனால் இருக்கிறது. உதட்டுக்கு மேல் சூடாகத் தெரிகிறது. மாயனூர் கதவணை வரைக்கும் போனால் போதும் முதலில், பக்கம்தான், காவிரியைப் பார்க்க நிறுத்தி, தாழ் போட்டு, ஒரு மதியம் தூங்கி, எழுந்து, டீ போட்டு. அம்மா தான் வேலை பார்க்கிற கொசுவலைக் கம்பெனியில் மிஞ்சின வலையில் ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கிறாள். அப்பா இன்னும் இதை வந்து பார்க்கவில்லை. இதுக்கு நம்பர் பிளேட்டு உண்டா என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர் ஓடுவதைக் கேட்டே இடம் சொல்ல முடிகிறது. உச்சியில் விழுந்து பின்னால் போகிறது நீளமான சத்தம், வழுக்கிக்கொண்டு. முன்னால் போகிறது குட்டையான சத்தம், அங்கே வளைவு செங்குத்து. முன்னால். உச்சியிலிருந்து முன்னால். இதை எதற்காக மறுபடி நினைக்கிறேன். முன்பக்கம் தண்ணீர் கீழே இறங்குகிறது, ஆமாம், இறங்கத்தானே வளைத்தேன், அதில் என்ன. அங்கே ஒரு இணைப்பு இருக்கிறது, அதுவும் தெரிந்ததுதான், உச்சித் தகடும் முன் தகடும் சேருகிற இடம். எது எதன் மேல்? முன்னது மேல. பின்னது கீழ. இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, பஸ் கூரையில் எப்போதும் முன் தகட்டின் ஓரம்தான் பின் தகட்டின் மேல் ஏறும், ஓடுகிற பஸ்ஸுக்குக் காற்று முன்னாலிருந்து வரும், மாற்றிப் போட்டால் காற்று மழையை இடுக்குக்குள் திணிக்கும். பஸ் கூரை நீளவாக்கில் தட்டை, அதனால் அது சரி. இது தட்டையில்லை. இது மாங்கொட்டை. இங்கே முன்பக்கம் என்றால் கீழ்ப்பக்கம். முன் தகடு மேலே ஏறியிருந்தால், உச்சியிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் அதன் ஓரத்தில் மோதி நேராக இடுக்குக்குள் போகும், ஓட்டுக் கூரையில் கீழ் வரிசை ஓட்டை மேல் வரிசையின் மேல் ஏற்றிப் போட்டது போல. நான் எப்படிப் போட்டேன்?

எப்படிப் போட்டேன் என்று தெரியவில்லை. அந்த நாளை நினைவுக்குக் கொண்டு வர முடிகிறது, கை செய்ததைக் கொண்டு வர முடியவில்லை. அன்று ஒரு பள்ளிக்கூடப் பஸ் வெளியே போக வேண்டிய அவசரம், எல்லோரும் அதன் மேல் ஏறி நின்றிருந்தார்கள், ஜமால் அண்ணன் மட்டும் எனக்காக இறங்கி வந்து தகட்டின் ஒரு முனையைப் பிடித்தார். நான் வளைவு பிசகிவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓரத்தை அல்ல. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்ததும் பதிவெண்ணைச் சரியாக எழுதினேனா என்று நின்றுவிடுவேன், விடை எல்லாம் நினைவிருக்கும், அந்த எண் மட்டும் நினைவிருக்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் எழுதியிருப்பேன். இதுவும் அப்படித்தான். பயப்படுகிற வழக்கம் எனக்கு. சரியாகத்தான் போட்டிருப்பேன், வளைவை வரைந்தவளுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாதா. தெரியும். தாளில் தெரியும். ஜமால் அண்ணன் தகட்டைத் தூக்கிப் பிடித்து, வாயில் இரண்டு ரிவிட் ஆணியைக் கவ்விக்கொண்டு, பல்லிடுக்கில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார். ராகமாகச் சொன்னார். முன்னது மேல, என்றார். நான் பின்னது கீழ என்று முடித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு துளைக்கிற சத்தம்.

ஆக, தப்பு. மூன்று வருஷம் பஸ் கட்டியவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு, வேறு யாராவது கட்டியிருந்தால் தண்ணீரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள், நாங்கள் காற்றைப் பார்த்துப் போட்டோம். இப்போது என் தலைமாட்டில் அந்த இடுக்கு வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, நடுவில் நிற்பது ஒரு ரப்பர் பட்டையும் நான் பிதுக்கின சீலன்ட் பசையும். நன்றாகப் பிதுக்கினேனா? பிதுக்கினேன். விரலால் இழுத்தேன். ஒரே இழுப்பாக இழுத்தேனா, நடுவில் யாராவது கூப்பிட்டார்களா. தட்டினால் நிறுத்திவிடுவார்கள், ஆனால் உள்ளிருந்து தட்டினால் ஒழுகுகிறது என்று அர்த்தம், அதுவும் வழக்கம். நிறுத்தி, இறங்கி, தப்பைச் சொல்லி, இன்னொரு நாள் கேட்கலாம். இன்னொரு நாள் கிடைக்காது. சக்கரம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "அம்முணி, உசுரோட இருக்கறயா?" இருக்கேங்கண்ணா. "கொரலு ஒரு மாரி இருக்குது." ஒண்ணுமில்லீங்க. ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னேன். பொய்யா இது. இன்னும் ஒன்றும் விழவில்லை, ஆகையால் பொய் இல்லை.

விழுந்தது. நெஞ்சில். சட்டைக்கு மேல் ஒரு சின்னக் குளிர், கொசு உட்கார்ந்தது போல. நான் அசையவில்லை. அசையாவிட்டால் விழாதது ஆகிவிடுமா. கண்ணை மட்டும் கீழே இறக்குகிறேன். நனைந்திருக்கிறது, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு. நிறம் என்ன? இரண்டு பக்க ஜன்னலிலும் நீலத் தண்ணீர் வழிகிறது, அதன் வழியாக வருகிற வெளிச்சமும் நீலம், அப்பாவின் சட்டை முழுக்க நீலம், என் கை நீலம், பிளைவுட் நீலம். இதற்குள் ஒரு சொட்டின் நிறத்தை யார் சொல்வது. மேலே பார்க்கிறேன். முன் இணைப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கட்டையின் அடியில், இன்னொன்று திரள்கிறது. இணைப்பிலிருந்து கட்டை வழியாக வந்திருக்கலாம். வந்திருக்கும். சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், முதுகுப் பக்கம் முன்னால் வரும்படி. இதை நினைத்தது நானா. நினைத்துவிட்டேன், சரி, நினைத்ததை மறைக்க வேண்டாம், ஆனால் செய்யப்போவதில்லை. வெட்டினால் வெட்டட்டும். வெட்டினாலும் இந்த வளைவை நான் வரைந்தேன், அது தரையில் இன்னும் இருக்கிறது, சாக்கட்டி அழிந்தாலும் கை அறிந்துவிட்டது, மறுபடி வரைவேன், வேறு கொட்டாயில், வேறு தகட்டில், அப்போது தண்ணீரைப் பார்த்து ஏற்றுவேன். இது ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வதா என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. தோன்றியதும் உடம்பு இளகிவிட்டது, கையை எடுத்து மேலே நீட்டி, இத்தனை நேரம் தொடப் பயந்த முன் இணைப்பைத் தொட்டேன். காய்ந்திருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலை ஓட்டினேன், ரிவிட் ரிவிட்டாக, காய்ந்திருந்தது. பிறகு, இணைப்பே இல்லாத நடுக்கூரையில் உள்ளங்கையை வைத்தேன். ஈரம். ஓட்டையில்லாத தகட்டில் ஈரம், வியர்த்த நெற்றி மாதிரி, கை முழுக்க. குளிர்ந்த தண்ணீர் ஊற்றின சொம்புக்கு வெளியே முத்து முத்தாக நிற்குமே, அது. வெளியே குளிர்ந்த தகடு, உள்ளே அடைத்த கதவு, நடுவில் நான் ஒருத்தி விடாமல் விட்ட மூச்சு. என் மூச்சா. யாரும் பங்கு கேட்காத ஒரு அறையில் என் மூச்சு போய்க் கூரையில் நின்று, என் மேலேயே சொட்டியிருக்கிறதா. சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். வெளியே மழை மெலிந்து, குழாய் இருமி, நின்றது. என் சிரிப்பு மட்டும் கேட்டது.

"உள்ள யாரு கூட இருக்கறா?" என்கிறாள் சரசு அக்கா. நானே தாழை எடுத்தேன், எனக்குத் தோன்றிய நேரத்தில், இன்னும் ஒரு மூச்சு இழுத்து விட்டுவிட்டு. வெயில் கண்ணை அடித்தது. எல்லோரும் சட்டையைப் பார்க்கிறார்கள், முகத்தை யாரும் பார்க்கவில்லை. முதலாளி குனிந்தார். "நெஞ்சுல என்னது, நனைஞ்சிருக்குது." வேர்வையா இருக்குமுங்க என்று சரசு அக்கா. "வேர்வ ஒத்தச் சொட்டாவா வரும்?" நான் பேச வாயெடுப்பதற்குள் ஜமால் அண்ணன் வந்துவிட்டார், தரையில் தண்ணீர் வடிகிற ஓடையில் தேங்கியிருந்த நீலத் தண்ணீரில் விரலை முக்கிக்கொண்டு. "அப்பா சட்டையா? வைய மாட்டாரே?" வைய மாட்டாருங்கண்ணா. அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். வெயிலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அவர் வைத்தது நல்ல நீலம். என்னுடையது வெறும் ஈரம். முதலாளி உள்ளே பாதி உடம்பை நுழைத்துக் கூரை முழுக்கத் தடவினார், கையை எடுத்து வெயிலில் பார்த்தார், முகர்ந்து கூடப் பார்த்தார். "என்ன அம்முணி இது?" மூச்சுங்க. "மூச்சா?" தகடு குளுந்துபோச்சுங்க, காத்து போவ வழியில்ல, அதான் படிஞ்சிருச்சு. ஒரு காத்துப் போக்கி வெக்கணுமுங்க. "அப்ப ஒழுவல." ஒழுவலைங்க. அவர் வெட்டும் இயந்திரத்தைக் காலால் தள்ளினார், அது உருண்டு பஸ் பக்கம் போயிற்று. "அப்ப நிக்கட்டும்." அந்தச் சொல் காதில் விழுந்தபோது எனக்குக் கால் தரையில் இருக்கிற மாதிரியே இல்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முன் இணைப்பு தப்பா ஏத்தியிருக்குதுங்க, என்றேன். பஸ் மாரி முன்னத மேல போட்டுட்டேன், இங்க அது தண்ணிக்கு எதுத்தாப்ல நிக்குது. "அதான் ஒழுவலியே. அப்பறமென்ன?" இன்னிக்கு ஒழுவலைங்க. ஜமால் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆமா. நானுந்தான ராகம் போட்டேன்." பிரிச்சு மாத்திடறனுங்க, என்றேன், நாளைக்கு. இன்னிக்கு இப்படியே கெடக்கட்டும், எனக்கு இன்னுங் கொஞ்ச நேரம் உள்ள படுத்துக்கணும். சரசு அக்கா சிரித்தாள். "போய்ப் படு சாமி, யாரு வேண்டாங்கறா. கதவச் சாத்திக்க." சாத்திக்கொண்டேன்.

இவ்வளவும் மேகலா சொன்னது. எனக்கு எதையும் சரிபார்க்காமல் எழுத வராது. போன மாதம் மாயனூரில் அவளுடைய வண்டியை அவள் நிறுத்தியிருந்தபோது போய்ப் பார்த்தேன். அவள் உள்ளே தாழ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எழுப்பவில்லை, வெளியே சுற்றி வந்தேன். முன்பக்க இணைப்பில் உச்சித் தகட்டின் ஓரம்தான் மேலே இருக்கிறது. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. அந்த ஒரு இணைப்பில் மட்டும் ரிவிட் தலைகள் வண்டியின் மற்ற எல்லா ரிவிட்டையும்விட ஒரு சுற்றுப் பெரியவை. பட்டறையில் விசாரித்தேன். ஒரு தடவை பிரித்த ஓட்டையில் மறுபடி அடிக்கும்போது பழைய அளவு பிடிக்காது, அடுத்த அளவு ரிவிட்தான் போட வேண்டும் என்றார்கள்.